சிரிப்பை எழுதியவர் பெயரையும் போடுங்கள்

ஆதித்யா, சிரிப்பொலி என்று எந்த நகைச்சுவை சேனலைத் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் கவுண்டமணியும் செந்திலும் வந்துவிடுவார்கள். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழம் வரும். 'வைதேகி காத்திருந்தாள்' பெட்ரோமாக்ஸ் விளக்கு வரும். முதல் படம் 1989-ல் வந்தது, இரண்டாவது 1984-ல். அந்தப் படங்கள் வெளியானபோது பிறந்தே இராத பிள்ளைகள் அந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில், ஆபீஸ் கேன்டீனில், பஸ் ஸ்டாண்டில் என்று தினசரிப் பேச்சிலேயே அவை கலந்துவிட்டன. இந்த இரண்டு படங்களுக்கும் நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ.வீரப்பன். 2005-ல் காலமானார். அந்த வசனங்களைத் தலைகீழாகச் சொல்லும் பத்துப் பேரை நிறுத்தி, இவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒருவர் சொன்னால் அதிகம்.

படம் முழுதாக ஓடும்போது டைட்டிலில் அவர் பெயர் வருகிறது. காட்சியை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டும்போது டைட்டில் போய்விடுகிறது. செல்போனில் இரண்டு நிமிடத் துண்டாகச் சுற்றும்போது நடிகர் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள், சில சமயம் படத்தின் பெயரையும் போடுகிறார்கள். எழுதியவர் பெயரை யாரும் போடுவதில்லை. இன்று பெரும்பாலானவர்கள் பழைய படங்களைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஒரு தலைமுறையைப் பொறுத்தவரை தமிழ் நகைச்சுவைக்கு எழுத்தாளர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இது எனக்குத் தாங்கவில்லை.

நான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைப்பவன். அதற்கு முன்னால் திருவல்லிக்கேணியில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் பிராம்ப்ட்டராக இருந்தேன். அழுகைக் காட்சியும் எழுதுகிறேன், சிரிப்புக் காட்சியும் எழுதுகிறேன். எது கஷ்டம் என்று கேட்டால் யோசிக்காமல் சிரிப்பு என்பேன். அழுகைக் காட்சியில் வசனம் சுமாராக இருந்தாலும் நடிகையின் கண்ணும் பின்னணி இசையும் கரை சேர்த்துவிடும். சிரிப்புக் காட்சியில் ஒரு சொல் இடம் மாறிவிட்டால் யாராலும் காப்பாற்ற முடியாது.

ஆனால் நம்மூரில் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. காமெடி என்றால் நடிகர் ஸ்பாட்டில் வந்து அடித்துவிடுவது, எழுத்து என்றால் மற்றதெல்லாம். தயாரிப்பு நிர்வாகிகளிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "காமெடிதானே சார், ஸ்பாட்ல பாத்துக்கலாம்." குடும்பக் காட்சிக்கு முதல் நாளே சீன் பேப்பர் கேட்பார்கள். சண்டைக்கு மாஸ்டரோடு உட்கார்ந்து பேசுவார்கள். பாட்டுக்கு மெட்டு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். காமெடிக்கு மட்டும் காலையில் கேரவன் வாசலில் நின்றுகொண்டு யோசித்தால் போதும் என்பார்கள். அப்படி யோசித்து எடுத்த காட்சிகள் எப்படி இருக்கின்றன என்று பத்துப் பதினைந்து வருடமாகத் தியேட்டரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாயகனின் நண்பன் நிறத்தைச் சொல்லித் திட்டு வாங்குகிறான், பருமனைச் சொல்லித் திட்டு வாங்குகிறான், கன்னத்தில் அறை வாங்குகிறான். எழுதாத இடத்தில் வசவு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுத்து என்றால் என்ன என்பதை வாழைப்பழக் காட்சியிலேயே பார்க்கலாம். இரண்டு பழம் வாங்கக் காசு கொடுக்கிறார் ஒருவர். வாங்கப் போனவன் வழியில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்து தருகிறான். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே காட்டி அதுதான் அந்த இன்னொன்று என்கிறான். விஷயம் இவ்வளவுதான். சாதாரணமாக எழுதுபவர் தின்றவனைப் பொய் சொல்ல வைப்பார். கீழே விழுந்துவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், மாடு தின்றுவிட்டது என்று ஏதாவது. வீரப்பன் அவனைப் பொய்யே சொல்லாமல் நிற்க வைத்தார். அவன் சொல்வதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது, அவன் முகத்தில் கள்ளமும் கிடையாது. கேட்பவர் எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் மாறுவதில்லை. கேள்வி ஏற ஏறக் கவுண்டமணியின் ஆத்திரம் ஏறுகிறது, செந்திலின் அமைதி அப்படியே இருக்கிறது. இந்த ஏற்பாடு காகிதத்தில் நடந்தது. இதற்கு மேல் கவுண்டமணி தன் குரலால் செய்ததும் செந்தில் தன் நிற்பால் செய்ததும் வேறு யாராலும் முடியாதவை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்பாட்டில் இரண்டு வார்த்தை கூடியும் இருக்கும். அந்த இரண்டு வார்த்தை நிற்பதற்கு இடம் போட்டுக் கொடுத்தவர் ஒருவர் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

பெட்ரோமாக்ஸ் காட்சியும் அப்படித்தான். விளக்கின் மேண்டில் ஒருமுறை எரிந்துவிட்டால் வெறும் சாம்பல் வலை. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். தன் தொழிலில் பெருமை பிடித்த ஒருவர், எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாத இன்னொருவர், நடுவில் தொட்டாலே உதிரும் ஒரு பொருள். மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்த பிறகு வசனம் தானாக வரும். கிராமத்துக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் விளக்கு வாடகைக்கு எடுத்த காலத்தை அறிந்த ஒருவருக்குத்தான் இந்தப் பொருள் தோன்றும்.

படத்தின் கதைக்கும் நகைச்சுவைக்கும் சம்பந்தமில்லாமல் தனி டிராக்காக ஓட்டுவது நம் சினிமாவின் பழைய வழக்கம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் தன் பகுதியைத் தானே அமைத்துக்கொள்வார். அவர் அளவுக்கு ஒருவர் நடிகராகவும் எழுத்தாளராகவும் இருக்கும்போது அது நடக்கும். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு எழுதித் தர ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்கு டைட்டிலில் ஒரு வரி கிடைத்தது. கதை விவாதத்தில் நாற்காலி கிடைக்கவில்லை. கதையெல்லாம் முடிந்த பிறகு, இந்த இந்த இடத்தில் இத்தனை சீன் காமெடி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீரப்பன் போன்றவர்கள் அந்த இடைவெளிக்குள் இத்தனை செய்தார்கள் என்பதை நினைத்தால், முழுக் கதையும் கைக்கு வந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்கள் என்று ஏக்கமாக இருக்கிறது.

முழுக் கதை கைக்கு வந்தவர்களில் இரண்டு பேரையாவது நமக்குத் தெரியும். ஒருவர் சித்ராலயா கோபு. செங்கல்பட்டில் இயக்குநர் ஸ்ரீதரோடு ஒன்றாகப் படித்தவர். 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று கண்ணைக் கசக்க வைத்துக்கொண்டிருந்த ஸ்ரீதர் 1964-ல் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தபோது உடன் இருந்து எழுதியவர். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷ் காட்சி என்பார்கள். எழுதுகிறவன் கண்ணோடு பார்த்தால் அது பாலையாவின் காட்சி. பேசுவதெல்லாம் நாகேஷ், கேட்பது மட்டும் பாலையா. ஆனால் சிரிப்பு எழும்புவது கேட்பவர் முகத்தில். அந்த முகத்துக்கு இடம் விட்டுப் பேச்சை நறுக்கி எழுத வேண்டும். எழுதுகிறவனுக்கு எப்போதும் இன்னும் ஒரு ஜோக் சேர்க்கத் தோன்றும். எங்கே எழுதாமல் விடுவது என்று தெரிந்திருந்ததால் அந்தக் காட்சி 60 வருடம் தாண்டி நிற்கிறது. கோபு பிறகு தன் மேடை நாடகம் 'காசேதான் கடவுளடா'வை 1972-ல் தானே படமாக இயக்கினார். போலிச் சாமியாராகத் தேங்காய் சீனிவாசன் வந்ததை மறக்க முடியுமா?

இன்னொருவர் கிரேஸி மோகன். அவர் வந்த வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நகைச்சுவை எழுத்தாளர் எப்படி உருவாகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

1952-ல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். 1972-ல் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்காக ஒரு வங்கிக் கொள்ளை நாடகம் எழுதிப் பரிசு வாங்கினார். பிறகு சுந்தரம் கிளேட்டனில் வேலை. 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். அந்த நாடகத்தின் முதல் சொல்தான் அவர் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1979-ல் கிரேஸி கிரியேஷன்ஸ் என்ற சொந்தக் குழு. தம்பி பாலாஜி மாது என்ற பாத்திரத்தில் நடிக்க, எஸ்.பி.காந்தன் இயக்க, அந்தக் குழு ஊர் ஊராகப் போனது. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை கே.பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். கமல்ஹாசனின் 'அபூர்வ சகோதரர்கள்' படத்துக்கு வசனம் எழுதியது 1989-ல். அடுத்த வருடம் 'மைக்கேல் மதன காமராஜன்'. கல்லூரி நாடகத்திலிருந்து 'அபூர்வ சகோதரர்கள்' வரை 17 வருடம். அந்த 17 வருடமும் அவர் வாய்ப்புத் தேடி அலையவில்லை. உத்தியோகம் பார்த்தார், ஆட்கள் முன்னால் எழுதிப் பழகினார்.

ஆட்கள் முன்னால் எழுதிப் பழகுவது என்றால் என்ன என்பது மேடை ஓரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பிராம்ப்ட்டர் நோட்டில் பென்சிலால் அடையாளம் போடுவோம். சிரிப்பு வந்த வரிக்கு ஒரு டிக். கைதட்டலும் சேர்ந்து வந்தால் இரண்டு. வரும் என்று நம்பி வராமல் போன வரியைச் சுற்றி ஒரு வட்டம். நாடகம் முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டே எழுத்தாளர் நோட்டை வாங்கி வட்டங்களை மட்டும் பார்ப்பார். எங்கள் நாடகம் ஒன்றில் வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருகிற காட்சி இருந்தது. பையன் கதவைத் திறந்து, "அப்பா வீட்ல இல்லைன்னு அப்பாவே சொல்லச் சொன்னாரு" என்பான். பழைய ஜோக்தான், இருந்தாலும் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. எங்கள் எழுத்தாளர் அதை மூன்றாக உடைத்தார். பையன்: "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க." வீட்டுக்காரர்: "யாரு சொல்லச் சொன்னா?" பையன்: "அப்பா." அடுத்த வாரம் அதே சபாவில் அரங்கம் அதிர்ந்தது. முதல் வடிவத்தில் விஷயம் நடுவிலேயே உடைந்துவிடுகிறது, பின்னால் வரும் இரண்டு சொல் சிரிப்பை மூடிவிடுகிறது. இரண்டாவது வடிவத்தில் கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரரின் கேள்வி பார்ப்பவர்களைப் பதிலுக்குக் காத்திருக்கவும் வைத்துவிடுகிறது.

அந்த எழுத்தாளர் ஒரு வங்கியில் குமாஸ்தா. இரவு பதினோரு மணிக்கு மேல் சமையலறை விளக்கில் உட்கார்ந்து எழுதுவார். "தம்பி, சிரிப்பு எங்க நின்னுதுன்னு பாக்காத. எங்க இறங்க ஆரம்பிச்சுதுன்னு பாரு. அங்கதான் அடுத்த டயலாக்" என்பார். சிரிப்பு அடங்குவதற்கு முன்னால் பேசினால் வரி கேட்காது. முழுக்க அடங்கிய பின் பேசினால் வேகம் போய்விடும். இன்றுவரை நான் டயலாக் பேப்பரில் ரியாக்‌ஷனுக்கு இடம் விட்டு எழுதுவது அவர் சொல்லித் தந்ததுதான்.

மோகனின் சினிமா வசனத்தில் இந்தப் பயிற்சி தெரியும். அவருடையது வார்த்தை விளையாட்டு என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். வார்த்தை விளையாட்டு இருக்கிறது, சில இடங்களில் அளவுக்கு மீறியும் இருக்கிறது. 'காதலா காதலா'வில் மூச்சு விட இடமில்லாமல் வசனம் வந்து விழும்போது எனக்கே கொஞ்சம் நிறுத்துங்கள் என்று தோன்றும். ஆனால் அவருடைய அசல் பலம் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கணக்கில் இருந்தது. 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மாமி உண்மையில் பாண்டியன் என்ற ஆண்தான் என்று மேக்கப் போட்ட ஜோசப்புக்குத் தெரியும், ஊமைச் சமையல்காரராக வேஷம் போட்டு வீட்டுக்குள் வரும் பாஷாவுக்குத் தெரியும். மாமி மேல் ஆசை வைக்கும் பாண்டியனின் மாமனாருக்குத் தெரியாது. அதே மாமி மேல் ஆசை வைக்கும் வீட்டுக்கார முதலியாருக்கும் தெரியாது. இந்தப் பட்டியலில் யாராவது இரண்டு பேரை ஓர் அறையில் சேர்த்தால் காட்சி தயார். மூன்றாவதாக ஒருவர் கதவைத் திறந்தால் காட்சி ஒரு படி ஏறும். ஆங்கிலப் படம் ஒன்றின் தூண்டுதலில் எடுத்த கதை என்பது ஊரறிந்தது. அந்தக் கதைக்குள் மயிலாப்பூர் மாமி, மாட்டிறைச்சி வெட்டும் தொழிலாளி, தோல் வியாபாரம் செய்யும் ஐயர் என்று நம்மூர்ச் சாதி மதக் கூச்சங்களை எல்லாம் கொண்டுவந்து மோதவிட்டது கமலின் திரைக்கதையும் மோகனின் வசனமும். யார் மனதும் புண்படாமல் இத்தனை நுட்பமான விஷயத்தைப் பேசிவிட்டு வருவது சின்ன வேலையா?

'சதி லீலாவதி'யில் கோயம்புத்தூர்ப் பேச்சு, 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுச் சமையல்காரரின் பேச்சு, 'தெனாலி'யில் ஈழத்துப் பேச்சு என்று ஒவ்வொரு படத்துக்கும் வேறு வேறு தமிழ். 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' இந்திப் படத்தின் தழுவல். அதில் வந்த 'கட்டிப்புடி வைத்தியம்' என்ற சேர்க்கை இந்தியில் இருந்ததன் மொழிபெயர்ப்பு கிடையாது. நம் நாட்டு வைத்தியம், கை வைத்தியம், பாட்டி வைத்தியம் என்ற வரிசையில் போய்ப் பொருந்துகிற மாதிரி புதிதாகச் செய்தது. இன்று அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஒருவருக்கு ஆறுதல் சொல்லத் தோளில் கை போடும்போது நாம் பயன்படுத்தும் சொல்லை மக்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன மனிதரை வெறும் ஜோக் எழுத்தாளர் என்பது நியாயமே இல்லை.

அவருடைய நாயகிகளுக்குத் திரும்பத் திரும்ப ஜானகி என்ற பெயர் வரும். 'அபூர்வ சகோதரர்கள்', 'அவ்வை சண்முகி', 'தெனாலி', 'பம்மல் கே.சம்பந்தம்', 'வசூல்ராஜா' எல்லாவற்றிலும் ஜானகி. பள்ளிக்கூடத்தில் தன்னை ஊக்குவித்த ஆசிரியையின் பெயர் அது என்று அவர் சொல்லியிருக்கிறார். தன்னை ஊக்குவித்தவரின் பெயரை இத்தனை கோடிப் பேர் கேட்கும்படி வைத்தவர் அவர். அவர் பெயரை ஒரு துண்டு வீடியோவின் ஓரத்தில் வைக்க நமக்கு மனம் வரவில்லை.

கிரேஸி மோகனையாவது மக்களுக்குத் தெரிகிறது. மேடையில் அவரே நடித்தார், குழுவுக்கு அவர் பெயர் இருந்தது, 'விடாது சிரிப்பு' போன்ற தொலைக்காட்சித் தொடர்களிலும் முகம் தெரிந்தது. 2019 ஜூன் 10 அன்று அவர் மறைந்தபோது ஊரே பேசியது. பெயர் தங்க வேண்டுமானால் எழுத்தாளர் முகத்தையும் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது. அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு என்ன வழி?

தொலைக்காட்சியில் நிலைமை இன்னும் மோசம். சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்ற ஒன்றுக்காகத் தெருவே காலியாகும். மேடையில் இருந்தவர்கள் அப்படியே அங்கே போனார்கள், எழுத்தாளர் பெயரும் கூடவே போனது. 1993-ல் சன் டிவி வந்த பிறகு வார நகைச்சுவைத் தொடர்களுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. பிறகு தினசரித் தொடர்கள் எல்லா நேரத்தையும் எடுத்துக்கொண்டன. வாரத்துக்கு ஒரு எபிசோட் எழுதும்போது திருத்தி எழுத நேரம் இருக்கும். தினசரித் தொடரில் காலையில் எழுதிய சீன் மதியம் ஷூட்டிங். வட்டம் போட்டுத் திருத்த ஏது இடம்? எதிரில் பார்வையாளர்களும் இல்லை. சிரிப்புச் சத்தத்தை எடிட்டிங்கில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய சிரிப்பிடம் இருந்து எந்த எழுத்தாளனும் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

போன வருடம் என் அக்கா மகன் செல்போனை நீட்டி, "மாமா, இதப் பாருங்க, செம காமெடி" என்றான். ரேஷன் கடை வரிசையில் இரண்டு சம்பந்திகள் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி நிற்கும் காட்சி. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, நான் ஒரு வார நகைச்சுவைத் தொடருக்கு எழுதியது. எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள் என்ற எண்ணும் கீழே இருந்தது. "இது நான் எழுதினதுடா" என்றேன். அவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். "இல்ல மாமா, அவர் ஸ்பாட்லயே பேசினதுன்னு கமெண்ட்ல போட்டிருக்காங்களே" என்றான். அந்தப் பையன் மேல் என்ன தப்பு? அவன் பார்த்த திரையில் வேறு எந்தத் தகவலும் இல்லை. அந்த நடிகர் மேலும் தப்பில்லை. அவர் அருமையாகச் செய்திருந்தார். அந்தத் தொடருக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தார்கள், அதுவும் தாமதமாகக் கொடுத்தார்கள். மறு ஒளிபரப்புக்கு ஒரு ரூபாய் வரவில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்தில், இன்று உள்ள ஊடகங்களிலும் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும் எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே என்று அச்சடித்திருந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறோம். மறுத்தால் அடுத்த ஆள் தயாராக வெளியே உட்கார்ந்திருப்பார்.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள். இந்தித் திரை எழுத்தாளரும் கவிஞருமான ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அதற்காக வாதாடினார். திரைப்படத்துக்காக எழுதிய எழுத்தும் இசையும் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது, அதற்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையைப் படைத்தவர் தன் வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கத்தின் மூலமாக இதை வசூலிக்கிறார்கள். வசனமும் எழுத்துதான். பாட்டில் ஒரு வரியைப் பயன்படுத்தினால் கேட்க ஆள் இருக்கிறது. ஒரு முழு நகைச்சுவைக் காட்சியை நாள் முழுவதும் ஓட்டி அதற்கிடையில் விளம்பரம் விற்றாலும், எனக்குத் தெரிந்த வசன எழுத்தாளர் எவர் வீட்டுக்கும் ஒரு காசோலை வந்ததில்லை. நம் எழுத்தாளர் சங்கம் முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மற்ற விவகாரங்கள் பிறகு.

பெயர் போடுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. சேனல்களிடம் முழுப் படமும் இருக்கிறது, படத்தின் தலையில் டைட்டில் இருக்கிறது. காட்சியை வெட்டுகிற எடிட்டர் அந்தப் பெயரைப் பார்த்து, காட்சி தொடங்கும்போது ஓரமாக ஒரு வரி போடலாம். பாடல் ஓட்டும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் பெயரைக் கீழே போடுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே. அதே பட்டை, அதே எழுத்து. தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் சிறந்த நகைச்சுவை நடிகர், சிறந்த நகைச்சுவை நடிகை என்று இரண்டு பிரிவு இருக்கிறது. நகைச்சுவை எழுத்துக்கு என்று தனிப் பிரிவு சேர்த்தால் என்ன? வசனகர்த்தா விருது இருக்கிறதே என்று சொல்வார்கள். கண்ணீர் வசனத்தோடு சிரிப்பு வசனம் போட்டி போட்டால் நடுவர்கள் எதைத் தூக்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேரளத்தில் இப்படி இல்லை. 1987-ல் வந்த 'நாடோடிக்காற்று' படத்தை மோகன்லால் படம் என்று சொல்வதோடு ஸ்ரீனிவாசன் எழுதிய படம் என்றும் சொல்வார்கள். அதே கதை நம்மிடம் 'கதாநாயகன்' என்று பாண்டியராஜனும் எஸ்.வி.சேகரும் நடித்து வந்தது. அங்கே திரைக்கதைகளைப் புத்தகமாக வாங்கிப் படிக்கிற வழக்கமும் உண்டு. சினிமாவுக்கு வருகிற பையன் அதைப் படித்துவிட்டு வருகிறான். நம்மிடம் நகைச்சுவை எழுத விரும்பி வருகிற பையன் எதைப் படிப்பான்? யூடியூபில் துண்டு பார்க்கிறான். துண்டில் பன்ச் மட்டும்தான் இருக்கும். அந்தப் பன்ச்சுக்காக இருபது நிமிடம் முன்னாலேயே போட்டு வைத்த விதை இருக்காது. பாஷா ஊமையாக ஏன் வந்தார் என்பது தெரியாமல் பாஷா வருகிற காட்சியை மட்டும் பார்த்துவிட்டு, ஊமை வேஷம் போட்டாலே சிரிப்பு வரும் என்று நினைத்துக்கொள்கிறான். அந்தப் பையனே நாளைக்கு எழுதித் தருகிறான்.

காகிதங்கள் இன்னும் முழுக்க அழிந்துவிடவில்லை. சபா நாடகங்களின் கைப்பிரதிகள், கார்பன் வைத்து எழுதிய சீன் பேப்பர்கள், பிராம்ப்ட் நோட்டுகள் எல்லாம் மயிலாப்பூர், மாம்பலம், திருவல்லிக்கேணி வீடுகளின் பரணில் கிடக்கின்றன. எழுதியவர்கள் பலர் போய்விட்டார்கள், இருப்பவர்களுக்கு வயது எழுபது, எண்பது. பிள்ளைகள் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது இவற்றைத்தான் முதலில் எடைக்குப் போடுகிறார்கள். என்னோடு மேடையேறிய ஒருவரின் வீட்டிலிருந்து இரண்டு சாக்கு மூட்டை அப்படித்தான் போனது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சுப் பிரதிகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் அந்தக் குடும்பங்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பதிப்பகங்களில் யாராவது ஒருவர் வீரப்பனின் நகைச்சுவைப் பகுதிகளைப் படம் பார்த்தே எழுதியெடுத்து, உரிமையுள்ளவர்களிடம் அனுமதி வாங்கி, வரிசையாகத் தொகுத்துப் போடட்டும். விலை எவ்வளவு வைத்தாலும் முதல் பிரதியை வாங்க நான் வருகிறேன். வேலைக்குச் சேரும் உதவி எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுப்பேன்.